பாதி பழுத்த எலுமிச்சையின் நிறம்

ஜொஹானஸ்பர்க்,
2007 ஆகஸ்ட் 6

கலீமாவுக்கு, சலாம்.

போன் செய்து பார்த்தேன். என் குரல் கேட்டதும் வைத்துவிடுகிறாய். அதனால்தான் கடிதம். காகிதத்தை யாரும் பாதிப் பேச்சில் வைத்துவிட முடியாது.

சொல்ல வந்தது இதுதான். போ-காப் வீட்டை விற்கப்போகிறேன். ஹார்ட்விக் கேட்டிருக்கிறார். சீ பாயிண்டில் பயணிகள் விடுதி நடத்துகிறாரே, அவர்தான். நல்ல மனிதர், பேச்சில் நிதானம் உண்டு. நம் வீட்டையும் விடுதியாக்க நினைக்கிறார்.

கோபப்படாமல் யோசி. உனக்கு ஐம்பத்தொன்பது வயது. அந்தக் கல் பாவிய மேட்டில் தினமும் ஏறி இறங்க உன் முட்டி என்ன இரும்பா? வாப்பாவும் போய்விட்டார், உம்மாவும் போய்விட்டார். இத்தனை அறையில் நீ ஒருத்தி எதைக் காவல் காக்கிறாய்? இங்கே எங்கள் குடியிருப்பில் உனக்கு ஓர் அறை ஒழித்து வைத்திருக்கிறோம். உன் அண்ணி ஷனாஸ் புதுக் கட்டிலே வாங்கிவிட்டாள். சுற்றுச்சுவர் உண்டு, வாசலில் காவலாளி உண்டு. எல்லா வீடும் ஒரே சந்தன நிறம், பார்க்கவே அடக்கமாக இருக்கும்.

ஒரே ஒரு வேலை உனக்கு. மாதக் கடைசியில் ஹார்ட்விக் வீட்டைப் பார்க்க வருகிறார். முன்சுவருக்கு வெள்ளை அடித்துவிடு. வெள்ளை அடித்தால் வீடு விசாலமாகத் தெரியும் என்கிறார். எப்படியும் லபாரங் நோன்புப் பெருநாளுக்கு முன்னால் நீ பெயிண்ட் அடிப்பாய்தானே, அதைக் கொஞ்சம் முன்னதாக அடி, அவ்வளவுதான்.

வீடு என் பெயரில் இருக்கிறது என்று நான் சொல்லிக்காட்டவில்லை. ஆனால் இருக்கிறது.

உன் அண்ணன்,
முக்சீன்


போ-காப், கேப் டவுன்,
ஆகஸ்ட் 19

முக்சீன் பூட்டாவுக்கு, சலாம்.

பெயிண்ட் அடித்தாயிற்று. அண்ணன் சொல் தட்டாத தங்கை நான். நிறம்தான் கொஞ்சம் மாறிப்போனது.

மழை விட்ட ஒரு காலையில் பெயிண்ட் கடைக்குப் போனேன். கையில் ஆன்ட்டி தீமா வீட்டு மரத்து எலுமிச்சை ஒன்று. நன்றாகப் பழுத்ததில்லை. பச்சை விட்டுப்போகாமல் மஞ்சள் உள்ளே நுழைந்து, இரண்டும் சண்டை போட்டுக்கொண்டிருக்கும் பாருங்கள், அந்தப் பதம். கடைக்காரன் முன்னால் வைத்தேன்.

"இதே நிறம் கலந்து குடு."

அவன் பழத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "என்ன ஆன்ட்டி, பேரப்பிள்ள சைக்கிளுக்கா?"

"வீட்டுக்கு. முன்சுவர் முழுக்க."

"இன்னும் ரெண்டு வாரம் பழுக்க விட்டுட்டு கொண்டாங்களேன், நல்ல மஞ்சளா வரும்."

"பழுத்தா எல்லாருக்கும் பிடிச்சிடும்பா. எனக்கு இதுதான் வேணும்."

முறை தெரியாமல் அடித்துவிட்டேன் என்று நினைக்காதீர்கள். ஞாயிற்றுக்கிழமை விடியலில் கூசிஸ்டர் சுட்டு, பாகில் போட்டுத் தேங்காய்ப்பூ தூவி, இரண்டு பக்கத்து வீட்டுக்கும் தட்டு கொண்டுபோனேன். பெயிண்டுக்கு முன்னால் கூசிஸ்டர் தட்டு வந்தால் நிறம் சொல்ல வந்திருக்கிறார்கள் என்று நம் தெருவில் சொல்லித்தான் தெரிய வேண்டுமா? பக்கத்து வீட்டு நிறத்தைத் தொடக்கூடாது, அதுதானே சட்டம். உங்கள் ஊரில் இந்தத் தொல்லை இல்லை. எல்லாம் சந்தனம், யாரிடம் என்ன கேட்பது?

ஆன்ட்டி தீமா வழக்கம்போல நீலம். அங்கிள் கஸ்ஸீம் ரோஜா நிறம். நான் எலுமிச்சையைக் காட்டினேன். "இந்த நிறத்துக்கு எவன்மா போட்டிக்கு வரப்போறான், தாராளமா அடி" என்றார் கஸ்ஸீம். அடித்து முடித்ததும் தெருவின் எதிர்ப்பக்கம் நின்று பார்த்துவிட்டு, "கலீமா, கண்ண மூடினாலும் தெரியுதே!" என்று கத்தினார்.

வாடகைக்கு இருந்த காலத்தில் வீட்டுக்காரன் வெள்ளையைத் தவிர எதையும் அடிக்கவிடவில்லை. வீட்டை வாங்கிய அன்று வாப்பா என்ன சொன்னார்? "இனிமே இந்தச் சுவத்துல வெள்ளையைப் பாத்தேன், அடிச்சவன் கைய உடைப்பேன்." நீங்களும் பக்கத்தில்தான் நின்றீர்கள்.

வீடு உங்கள் பெயரில். தெரியும். பத்திரத்தை வாப்பா உங்களிடம் கொடுத்தார். சாவியை என்னிடம் கொடுத்தார். ஹார்ட்விக் வரட்டும், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.

கலீமா


ஜொஹானஸ்பர்க்,
ஆகஸ்ட் 30

கலீமா,

ஹார்ட்விக் போன் செய்தார். முதலில் சொன்ன வார்த்தை, "உங்க தங்கச்சிக்கு உடம்பு ஏதும் சரியில்லையா?" நான் என்ன பதில் சொல்வது? அவர் கார் திருப்பத்தில் வரும்போதே வீடு கண்ணில் அடித்ததாம். இறங்காமலே திரும்பிவிட்டார்.

இதில் உனக்குச் சந்தோஷம்தான் என்று தெரியும். ஆனால் வயதுக்கு ஏற்ற காரியமா இது? நாலு பேர் பார்க்கிற முகப்பில் போய் இப்படி ஒரு நிறமா? அவர் காரிலிருந்தே எடுத்து அனுப்பிய படத்தைப் பார்த்துவிட்டு ஷனாஸ், பல்லியை நசுக்கி அப்பின மாதிரி இருக்கிறது என்றாள்.

போன வருஷம் இவள் எங்கள் சன்னலுக்குச் சிவப்புத் திரை போட்டாள். குடியிருப்புக் குழுவிலிருந்து கடிதம் வந்தது, வெளியே தெரிகிற திரை வெளிர்நிறமாக இருக்க வேண்டும் என்று. அன்றைக்கே மாற்றினோம். மானம் போய்விடவில்லை. கூடி வாழ்வது என்றால் அப்படித்தான்.

ஆத்லோனிலிருந்து ஒரு பெயிண்டரை ஏற்பாடு செய்திருக்கிறேன். பெயர் இர்ஃபான். வெள்ளை டப்பாக்களோடு அடுத்த வாரம் வருவான். வாசலில் நின்று மல்லுக்கட்டாமல் அவனை வேலை செய்ய விடு. நான் உன் நல்லதுக்குச் சொல்கிறேன். எப்போதுமே உன் நல்லதுக்குத்தான் சொல்லியிருக்கிறேன்.

முக்சீன்


போ-காப்,
செப்டம்பர் 8

பூட்டாவுக்கு,

இர்ஃபான் வந்தான். தங்கமான பையன், நான்கு பிள்ளைகளுக்குத் தகப்பன். ஒரு மல்லுக்கட்டும் நடக்கவில்லை. தக்காளி போட்ட ஆட்டுக்கறி பிரேடி ஆக்கியிருந்தேன், இரண்டு தட்டு சாப்பிட்டான். வீட்டைச் சுற்றிப் பார்த்தான். "ஆன்ட்டி, வெளிய இப்படி அடிச்சுட்டு உள்ள இத்தனை மங்கலா வெச்சிருக்கீங்களே, இது நியாயமா?" என்றான். வேலைக்காரன் சொன்னால் கேட்க வேண்டாமா? நீங்கள் ஏற்கெனவே கூலி கொடுத்துவிட்டீர்கள். அதே நிறத்தை உள்ளேயும் அடித்துவிட்டுப் போனான்.

வெள்ளை டப்பாக்களைப் பள்ளிவாசல் கழிவறைக்குக் கொடுத்துவிட்டேன். நன்மை உங்கள் கணக்கில் சேரும்.

நம் வீட்டின் நடை உங்களுக்கு நினைவிருக்கிறதா? பகலிலும் விளக்குப் போட்டு, சுவரைத் தடவிக்கொண்டு நடப்போமே. மூன்று பக்கமும் அந்த மஞ்சள்பச்சை ஏறியதும், வாசற்கதவுக்கு மேலே இருக்கிற கண்ணாடி வழியாக வருகிற கொஞ்ச வெயிலைச் சுவர் பிடித்து வைத்துக்கொள்கிறது. விளக்கே வேண்டாம். சமையலறையில் ஒரு சுவருக்கு மட்டும் அடிக்கச் சொன்னேன். உம்மாவின் கறுப்பு அலமாரி அதற்கு முன்னால் என்ன கம்பீரமாக நிற்கிறது தெரியுமா! சன்னலுக்குக் கத்தரிக்காய் நிறத் திரை. நானே தைத்தேன். இந்த நிறத்துக்குப் பக்கத்தில் வெளிர்நிறம் எதுவும் நிற்காது, அழுது வடியும். அடர்த்தியாக, துணிச்சலாக இருந்தால்தான் ஈடுகொடுக்கும். இதைச் சொல்ல எனக்குக் குழு எதுவும் தேவைப்படவில்லை.

உங்களுக்குக் கேலியாக இருக்கும். ஆனால் கேளுங்கள். துணி ஆலையில் வாழ்நாள் பூராவும் தைத்தேன். அடுத்தவர் சொன்ன நூல், அடுத்தவர் சொன்ன நிறம். பள்ளிச் சீருடைச் சாம்பல், மருத்துவமனை நீலம். நான் தேர்ந்தெடுத்த முதல் நிறம் இதுதான். இந்த வயதுக்கு ஏற்ற காரியம் இதுதான், பூட்டா.

உங்கள் அறையின் புதுக் கட்டிலில் வேறு யாரையாவது படுக்க வையுங்கள். நான் எங்கும் வரவில்லை.

கலீமா


ஜொஹானஸ்பர்க்,
செப்டம்பர் 21

அன்புள்ள கலீமா, சலாம். ரமலான் வாழ்த்துகள்.

உன்னைத் திட்டியதற்கெல்லாம் வருந்துகிறேன். நீ எனக்குப் பெரிய உபகாரம் செய்திருக்கிறாய்.

போன ஞாயிற்றுக்கிழமை செய்தித்தாளின் இணைப்பைப் பார்த்தாயா? அட்டையில் நம் வீடு. நம் வீடேதான்! முன்னால் ஒரு ஒல்லிப் பெண் கறுப்பு கவுன் போட்டுக்கொண்டு கதவில் சாய்ந்து நிற்கிறாள். 'கேப் டவுனின் மிகத் துணிச்சலான சுவர்' என்று கீழே போட்டிருக்கிறார்கள். எங்கள் குடியிருப்புக் குழுத் தலைவரின் மனைவியே காட்டி, "இது எந்த ஊர்?" என்று கேட்டாள். என் வீடு என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம் என்று பிறகு தோன்றியது.

ஹார்ட்விக் அன்றைக்கே கூப்பிட்டார். இப்போது அவருக்கு அந்த நிறம்தான் வேண்டும். ஒரு பொட்டுகூட மாற்றக்கூடாதாம். விடுதிக்கே 'எலுமிச்சை வீடு' என்று பெயர் வைக்கப்போகிறார். முன்னால் பேசியதைவிட மேலே கொடுக்கிறேன் என்கிறார். நீ அவரை விரட்டத்தான் அடித்தாய் என்று எனக்குத் தெரியாதா? இப்போது உன் பெயிண்டே அவரைப் பிடித்து இழுத்து வந்துவிட்டது.

அல்லாஹ் நாடியது இதுதான் என்று எடுத்துக்கொள். பெருநாள் இரண்டாம் நாள் நான் அவரோடு வருகிறேன். வீட்டைக் காட்டிவிட்டு அங்கேயே பேசி முடித்துவிடலாம். மூட்டை கட்ட ஷனாஸையும் அனுப்பட்டுமா?

உன் அண்ணன்,
முக்சீன்


போ-காப்,
அக்டோபர் 1

முக்சீனுக்கு,

உபகாரமா? உனக்கா? அந்த வார்த்தையைப் படித்ததும் கடிதத்தை அடுப்பில் போடப்போனேன். பிறகு பதில் எழுதவாவது வேண்டுமே என்று வைத்துக்கொண்டேன்.

இங்கே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன், கேள். காலையில் கதவைத் திறந்தால் என் படியில் யாரோ உட்கார்ந்து படம் எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். "கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா, படத்துல விழறீங்க" என்று என்னிடமே சொல்கிறார்கள். என் வாசலில் என்னை! ஒரு கல்யாணப்பெண் குதிகால் செருப்போடு என் சன்னல் கட்டையில் ஏறி நின்றாள். நோன்பு வாயோடு எத்தனை பேரைத் திட்டுவது? கடைசியில் வாசலுக்குக் குறுக்கே கொடி கட்டி என் உள்பாவாடைகளை எல்லாம் காயப்போட்டேன். பெரிய பெரிய உள்பாவாடை. அதையும் படம் எடுத்தார்கள். "ஆஹா, என்ன இயல்பு!" என்றான் ஒருவன்.

அன்றைக்கு மத்தியானம் நடையில் உட்கார்ந்து அழுதேன். மறைக்க என்ன இருக்கிறது? எனக்குப் பயம் வந்துவிட்டது. என் கையால் அடித்த பெயிண்ட், என்னையே வீட்டைவிட்டு வெளியே தள்ளுகிறதே! சுரண்டி எடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தேன். சுரண்டினால் வெள்ளை. வெள்ளையும் உனக்குச் சம்மதம். இதுவும் சம்மதம். எப்படித் திரும்பினாலும் நீதான் ஜெயிக்கிறாய்.

நோன்பு திறக்கும் நேரம் ஆன்ட்டி தீமா தட்டு கொண்டுவந்தார். என் முகத்தைப் பார்த்ததும் தட்டை வைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். உன் கடிதத்தைப் படித்துக் காட்டினேன். கிழவி பேரீச்சம்பழக் கொட்டையைத் தட்டில் துப்பிவிட்டு, "அந்த ஆளுக்கு வேண்டியது உன் வீடா, உன் நிறமா?" என்றார்.

"நிறம்தான்."

"அப்ப சரி" என்று எழுந்து போய்விட்டார்.

மறுநாளிலிருந்து என் வீட்டுக்குத் தட்டுகள் வரத் தொடங்கின. நோன்பு திறக்கிற நேரத்துத் தட்டுகள் தினமும் வருவதுதான். ஆனால் எல்லாத் தட்டிலும் கூசிஸ்டர். ஆன்ட்டி தீமா, கஸ்ஸீம், எதிர்வீடு, மூலைவீடு, மேட்டுவீடு. நீ இந்தத் தெருவில் பிறந்தவன். கூசிஸ்டர் தட்டு எதற்கு வரும் என்று உனக்குத் தெரியும். இதற்கு மேல் நான் சொல்லப்போவதில்லை.

கஸ்ஸீம் மட்டும், "நம்ம தெருவுல இப்படி ஒரு கேடு நடந்ததே இல்ல, என் வாப்பா பாத்தா அடிச்சே கொன்னுடுவார்" என்று புலம்பிக்கொண்டே பெயிண்ட் கடைக்குப் போனார். கடைக்காரன் அந்த எலுமிச்சையை எங்கே வைத்தீர்கள் என்று கேட்டு ஆள்மேல் ஆள் அனுப்புகிறான். அது அழுகிப்போயிற்று. கலவைக் கணக்கு அவனிடமே இருக்கிறது.

வா. ஹார்ட்விக்கையும் கூட்டிக்கொண்டு வா. நான் வீட்டில்தான் இருப்பேன்.

கலீமா


சீ பாயிண்ட், ஹோட்டலிலிருந்து,
அக்டோபர் 14, பெருநாள் இரண்டாம் நாள்

கலீமாவுக்கு,

பெருநாள் வாழ்த்துகள். வீடு வரைக்கும் வந்தவன் உள்ளே வராமல் திரும்பிவிட்டேன். அதற்கு வாயால் விளக்கம் சொல்ல எனக்கு இப்போது தெம்பு இல்லை. அங்கிள் கஸ்ஸீமின் மகன் இங்கே வேலை பார்க்கிறான், அவனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

நண்பகல் பாங்கு ஒலித்த நேரத்துக்கு ஹார்ட்விக்கின் கார் நம் தெருவில் திரும்பியது. அவர் மடியில் அந்தச் செய்தித்தாள் அட்டை. திரும்பியதும் காரை நிறுத்திவிட்டார். தெருவின் இரண்டு பக்கமும், கீழிருந்து மேடு வரைக்கும், எல்லா வீடும் அந்த நிறம். நீலம் இல்லை, ரோஜா இல்லை, ஒன்றும் இல்லை. கதவும் அதே நிறம். வீட்டு எண்களைக்கூடக் கழற்றிவிட்டிருந்தீர்கள். வெயில் வேறு. ஒரு தெரு முழுக்க என்னைப் பார்த்துக் கத்துவது போல இருந்தது.

பக்கத்து வீட்டு நிறத்தைத் தொடக்கூடாது என்று உயிரை விடுகிறவர்கள் நீங்கள். சந்தனக் குடியிருப்பில் இருக்கிறவன் நான். கடைசியில் ஒரே நிறத்தில் வரிசையாக நிற்கிற தெருவைக் காட்டி என்னை வாயடைக்க வைத்துவிட்டீர்கள். எங்கள் ஊரில் அதைக் குழு சொல்லிச் செய்கிறோம். இங்கே யார் சொன்னார்கள்?

எல்லாரும் வாசலில் நின்றார்கள். பெருநாள் உடுப்போடு. ஆன்ட்டி தீமா கைத்தடியை ஊன்றி நின்றார். நான் இறங்கி சலாம் சொன்னேன். கஸ்ஸீம் பதில் சலாம் சொல்லிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"யாரு தம்பி நீ?"

"அங்கிள், நான்தான். முக்சீன்."

"முக்சீன்னு ஒருத்தன் இந்தத் தெருவுல இருந்தான். அவன் வீடு விக்கிற ஆளில்லையே. நீ படம் எடுக்க வந்தியா? எடுத்துக்கோ, எடுத்துக்கோ."

எனக்கு முகம் எரிந்தது. ஹார்ட்விக் அட்டையையும் தெருவையும் மாறி மாறிப் பார்த்தார். கடைசியில் என் பக்கம் திரும்பினார். "மிஸ்டர் முக்சீன், இதுல எது உங்க வீடு?"

எனக்குத் தெரியாதா, கலீமா? அந்த உடைந்த படியில்தான் என் முன்பல் போனது. பெயிண்ட் அடித்தால் படி ஒட்டிக்கொண்டுவிடுமா? அந்தப் படிக்கு மேலே நீ கை கட்டி நின்றாய். நீயும் என்னை அடையாளம் தெரியாதவள் மாதிரிப் பார்த்தாய். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்தார்கள். விரல் தூக்குகிறேனா என்று.

"ரொம்ப வருஷம் ஆச்சுங்க. எனக்குத் தெரியல" என்றேன்.

அவர் முட்டாள் இல்லை. "உங்களுக்குத் தெரியும்" என்றார். "தெரியல" என்றேன் மறுபடி. இந்தத் தடவை எனக்கே கேட்கிற மாதிரி, சத்தமாக. வாப்பா என் கையை உடைப்பார் என்ற பயமா, அல்லது வேறு ஏதாவதா, எனக்குத் தெரியாது. ஆனால் அந்தப் பொய்யைச் சொன்னபோது நெஞ்சு நிமிர்ந்தது. எங்கள் குடியிருப்புக் குழுவிடம் ஒரு தடவையாவது நான் அப்படிப் பேசியிருக்கிறேனா?

திரும்பி வருகிற வழியில் ஹார்ட்விக் சிரித்துவிட்டார். "வீட்ட வாங்கலாம். தெருவையே வாங்க என்னால முடியாது" என்றார். நான் விற்கவில்லை என்று அவரிடம் சொல்லிவிட்டேன். பத்திரத்தில் உன் பெயரையும் சேர்க்கிறேன். திங்கட்கிழமையே பதிவு செய்யப் போகலாம்.

கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை. கடிதத்தில் என்னை 'நீ' என்று எழுதினாய். உம்மா இருந்தால் வாயில் மிளகாய் வைத்திருப்பார். ஆனாலும் வீட்டுக்கு வர ஆசையாக இருக்கிறது. எந்தக் கதவைத் தட்டுவது என்று மட்டும் சொல்.

முக்சீன்


போ-காப்,
அக்டோபர் 14, மாலை

பூட்டாவுக்கு, சலாம். பெருநாள் வாழ்த்துகள்.

எந்தக் கதவைத் தட்டினாலும் சோறு உண்டு. இன்றைக்குத் தெரு முழுக்க உங்களுக்காகத்தான் ஆக்கி வைத்திருக்கிறார்கள். உங்கள் கார் போன பிறகு கஸ்ஸீம் வாசலிலேயே உட்கார்ந்து அழுதார். "நம்ம பையன்டா, நம்ம பையன்" என்று போகிற வருகிறவர்களுக்கெல்லாம் சொன்னார். அவர் முகத்தைத்தான் நீங்கள் பார்த்தீர்கள். பின்னால் கட்டியிருந்த கை தஸ்பீஹ் மணியை உருட்டிக்கொண்டே இருந்ததை நான் பார்த்தேன்.

கை கட்டி நின்றது உங்களைத் தெரியாததால் இல்லை. கையை விட்டிருந்தால் ஓடி வந்து கழுத்தைக் கட்டிக்கொண்டிருப்பேன், காரியம் கெட்டிருக்கும்.

அடுத்த பெருநாளுக்கு எல்லாரும் அவரவர் நிறத்துக்குத் திரும்பிவிடுவார்கள். ஆன்ட்டி தீமா நீல டப்பாவை இப்போதே வாங்கி வைத்துவிட்டார், இந்த நிறம் தூக்கத்திலும் துரத்துகிறதாம். நான் மட்டும் மாற்றமாட்டேன். படம் எடுக்கிறவர்கள் வந்தால் வரட்டும், உள்பாவாடை இன்னும் நிறைய இருக்கிறது.

பின்கட்டுச் சுவர் மட்டும் பாக்கி. ஏணி ஏற முட்டி விடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் நீங்கள் சொன்னது சரிதான். டப்பா திறந்தே இருக்கிறது, பிரஷ் ஊறுகிறது. ஷனாஸ் வாங்கிக் கொடுத்த வெளிர்நிறச் சட்டையோடு வராதீர்கள், பூட்டா. இந்தப் பச்சை பட்டால் போகாது.

கலீமா